மீன் வரவில்லை, பார்சல் வந்தது

போன வருஷத்துக் கணக்கை என் மனைவி சமையலறை நாள்காட்டியின் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறாள். நான் பிடித்து வந்த மீன்: 3. மீன் பிடிப்பதற்காக என்று சொல்லி வீட்டுக்கு வந்த பார்சல்: 11. இரண்டுக்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே விடை இல்லை. முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் எந்த விடையை எழுத வேண்டும், எதைக் காலியாக விட்டால் எனக்கு நன்றாகச் சுடும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அந்த மூன்றிலும் ஒன்று பெருந்தன்மையால் சேர்ந்தது. உள்ளங்கை நீளத் திலாப்பியா. பூனைக்குப் போட்டோம். பூனை மோந்து பார்த்துவிட்டு மீனை விட்டு என்னைப் பார்த்தது.

ஸ்டோர் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் தூண்டில் போடுவதுதான் என் பொழுதுபோக்கு. டெங்கிலில் குடியிருந்துகொண்டு தூண்டில் போடாமல் இருப்பதுதான் கஷ்டம். லங்காட் ஆறு காஜாங் பக்கமிருந்து இறங்கி எங்களூரைத் தொட்டுக்கொண்டு பந்திங் நோக்கிப் போகிறது. உடாங் காலா என்கிற ஆற்று இறாலுக்காக அதன் கரையில் தவம் கிடப்பவர்கள் உண்டு. சுற்றுவட்டாரம் முழுக்கப் பழைய ஈய லம்பங்கள் விட்டுப்போன குட்டைகள். பாயா இண்டா ஈரநிலமும் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம்தான். அங்கே முதலைகள் இருப்பதால் நான் போவதில்லை. என் பொழுதுபோக்கில் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதில் ஏற்கெனவே குழப்பம் இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு கனவு, ஒரு விரால். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டவருக்கும் புண் ஆற அதைச் சமைத்துக் கொடுப்பது இந்த நாட்டில் மலாய், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் வழக்கம். குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும் விரால் எதிரில் எது துள்ளினாலும் கோபத்தில் பாயும். அதனால் பொம்மைத் தவளையைக் கட்டி நீர்மேல் துள்ளவிட வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் தவளையைத் தங்கூசியில் கட்டுவதற்கு ‘பாலோமார்’ என்று ஒரு முடிச்சு இருக்கிறது. நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து, ஒரே மாதத்தில் மூன்று பொம்மைத் தவளைகள் நிஜத் தவளைகளோடு வாழப் போய்விட்டன. ஒரு தூண்டில் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் முடிச்சைப் படம் போட்டு விளக்கியிருப்பதாக நண்பர் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. விளக்குப் போட்டால் மனைவி எழுந்துவிடுவாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கையில் முள்ளும் தங்கூசியும் மறுகையில் கைப்பேசியுமாகப் பக்கத்தைத் திறந்தேன்.

முதலில் ஒரு பெட்டி வந்து, குக்கி ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டது. பசியாறாத நேரம். ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது பெட்டி என் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டது. கொடுக்க மனமில்லாதவர் தட்ட வேண்டிய பொத்தானில், ‘வேண்டாம், எனக்கு மீன் பிடிக்க விருப்பமில்லை’ என்று எழுதியிருந்தது. பொழுது விடிவதற்கு முன் ஒரு மனிதனை இப்படிப் பொய் சொல்ல வைப்பது பாவம். முகவரியைக் கொடுத்தேன். மூன்றாவதாக மூலையில் ஒரு சின்னக் காணொளி தானாகவே கண் திறந்து, அடுத்த தாமானுக்குக் கேட்கும் குரலில், “முழங்கால் வலியா?” என்றது.

“யாருக்கு?” என்றாள் மனைவி, தூக்கத்தில்.

“எனக்குத்தான். தூங்கு.”

அதை மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி இருந்தது. குறி கடுகளவு. என் கட்டைவிரல் வெண்டைக்காய் அளவு. மூடப்போன விரல் விளம்பரத்தின் மேல் விழுந்து, நான் முழங்கால் கட்டு விற்கும் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்தால் குக்கி மறுபடியும் கேட்டார்கள்.

ஒருவழியாக முதல் படி தெரிந்தது. தங்கூசியை இரட்டையாக மடித்து முள்ளின் காதுக்குள் நுழைக்க வேண்டும். நுழைத்தேன். அதன் கீழே வீட்டுக் கடன். இரண்டாம் படி, மடித்ததைக் கொண்டு தளர்வாக ஒரு முடிச்சு. போட்டேன். அதன் கீழே நினைவுப் பூங்காவில் கல்லறை நிலம், இந்த மாதம் முன்பதிவு செய்தால் தள்ளுபடி. மூன்றாம் படிதான் உயிர்நாடி. முள்ளை வளையத்துக்குள் விட்டு எடுக்க வேண்டும். கைப்பேசியைத் தொடையில் வைத்துவிட்டு, வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, முள்ளை உள்ளே விடும் அந்த நொடியில், எங்கிருந்தோ தாமதமாக வந்த ஒரு விளம்பரம் இடம் கேட்டுப் புகுந்து பக்கத்தையே ஒரு சாண் கீழே தள்ளியது. மூன்றாம் படி ஓடிப்போயிற்று. ஓடிய படியைப் பிடிக்க இடது கை பாய்ந்தது. வலது கை முள்ளோடு நின்றது. மீன் கழன்றுவிடாமல் இருக்க முள்ளில் எதிர்முனை வைத்திருப்பார்களே, அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பதை அன்றைக்கு என் கட்டைவிரல் தெரிந்துகொண்டது.

கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்னப் பெண். முள்ளை எடுத்து, ஊசி போட்டு, “எப்படி அங்கள் ஆச்சு?” என்றாள். “விளம்பரம்” என்றேன். அவள் ‘மீன் பிடிக்கையில்’ என்று எழுதிக்கொண்டாள். கட்டுப் போட்ட விரலோடு வீட்டுக்கு வந்தால், மனைவி அதற்குள் பாசாருக்குப் போய் ஒரு கிலோ விரால் வாங்கி வந்து இஞ்சி தட்டிப் போட்டுக் குழம்பு கொதிக்கவிட்டிருந்தாள். புண் ஆற வேண்டுமாம். விரால் பிடிக்கக் கிளம்பிய காயத்துக்கு விரால் குழம்பு. நான் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விரலுக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த நாட்களில் பரணிலிருந்து என் பழைய தூண்டில் பத்திரிகைகளை இறக்கினேன். காஜாங்கிலும் கிள்ளானிலும் புத்தகக் கடைகளில் வாங்கி, ஈரமாகி, எட்டுக்கால் பூச்சி குடியேறியவை. புரட்டப் புரட்ட எனக்கே ஆச்சரியம். நான் அடிக்கோடிட்டு, ஓரம் மடித்து வைத்திருந்த பக்கங்களில் பாதிக்கு மேல் விளம்பரங்கள்! ரீல், கம்பு, முள், தக்கை. கட்டுரையை ஒருமுறை படித்தேன் என்றால் ரீல் விளம்பரத்தை நாற்பது முறை படித்திருக்கிறேன். வாங்க வசதியில்லாத வயதில் பார்த்துப் பெருமூச்சு விடுவதே பாதிப் பொழுதுபோக்கு. அந்தக் காலத்தில் விளம்பரத்தைக் கிழித்துவிட்டுப் பத்திரிகையைக் கொடுத்திருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பேன். தமிழில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன் அதற்கு முன் செய்துகொண்டிருந்ததே விளம்பரத் தொழிலும் தபால் வழி வியாபாரமும்தான். தீபாவளி மலர் வந்தால் எங்கள் அம்மா முதலில் பார்ப்பது புடவை விளம்பரம். கதை எங்கே ஓடிப்போகிறது என்பாள்.

ஆகவே நான் விளம்பரத்துக்கு விரோதி இல்லை. அப்படியானால் இப்போது மட்டும் ஏன் விரலைக் குத்துகிறது? சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும் என் மகளிடம் கேட்டேன். சைபர்ஜெயா எங்கள் டெங்கில் முக்கிமுக்குள்ளேயேதான் இருக்கிறது. செம்பனையும் ரப்பரும் நின்ற இடத்தில் 1997இல் திறந்தார்கள். உலகத்துத் தகவலையெல்லாம் அடுக்கி வைக்கும் கட்டடங்கள் என் வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடம். பத்திரிகைப் பக்கம் திறக்க ஆகும் நேரத்தில் நான் நேரிலேயே போய் வாங்கி வந்துவிடலாம்.

“ப்பா, நீங்க பக்கத்தைத் தட்டினதும் அது திறக்கிறதுக்குள்ள உங்களை ஏலம் விட்டுடுறாங்க.”

“என்னையா?”

“உங்களைத்தான். இன்ன வயசு, இன்ன ஊரு, நேத்து எதைப் பார்த்தாரு, முந்தாநாள் எதைப் பார்த்தாருன்னு சொல்லி ஏலம். கண்ணு மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. யாரு அதிகம் கேக்கிறாங்களோ அவங்க விளம்பரம் வரும்.”

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வாழ்நாளில் என்னை யாரும் போட்டி போட்டு வாங்கியதில்லை. வேலையில்கூட ஒரே விண்ணப்பதாரர் என்பதால் எடுத்தார்கள். “எவ்வளவுக்குப் போனேன்?” என்று கேட்டேன்.

“ஆயிரம் பேரைச் சேர்த்தா சில வெள்ளி வரும். உங்க ஒருத்தருக்குன்னா... ஒரு காசுக்கும் கீழே இருக்கும்ப்பா.”

உள்ளேயிருந்து, “அதுவே அதிகம்” என்று குரல் வந்தது.

மகள் சொன்னதில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. முன்பெல்லாம் ரீல்காரர் பத்திரிகையைப் பார்த்து வந்தார். இது தூண்டில்காரர்கள் படிக்கும் ஏடு, இங்கே ரீல் விற்கும் என்று அந்தப் பக்கத்தை வாங்கினார். இப்போது வருகிறவருக்குப் பத்திரிகையைப் பற்றி அக்கறையே இல்லை. என்னைப் பார்த்துத்தான் வருகிறார். விரால் கட்டுரைக்கும் கல்லறைக்கும் சம்பந்தமில்லை. அறுபது வயதுக்கும் கல்லறைக்கும் சம்பந்தமுண்டு. நான் மீனைத் தேடிப் போன இடத்தில் என் முழங்காலையும் வழுக்கையையும் கடனையும் சாவையும் வரிசையாக எடுத்து நீட்டுகிறார்கள். பொழுதுபோக்கு என்று ஒன்று எதற்கு இருக்கிறது? இந்த நான்கையும் இரண்டு மணி நேரம் மறப்பதற்குத்தானே!

எங்களூர்ச் சாலைக் கம்பங்களிலும் மின்சாரப் பெட்டிகளிலும் ஆலோங் விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். அவசரப் பணம், அழையுங்கள் என்று ஒரு எண். நகராண்மைக்காரர்கள் சுரண்டிவிட்டுப் போனால் மறுநாள் புதிதாக முளைத்திருக்கும். தொல்லைதான். ஆனாலும் கம்பத்தில் ஒட்டியது கம்பத்தோடு நிற்கும். நேற்றுப் பார்த்தாயே என்று என் பின்னால் நடந்து கோயில், கல்யாண வீடு, கழிப்பறை வரை வராது.

பின்னால் வந்தது ஒரு ரீல். அந்தக் கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விரல் ஆறியதும் ஒரு ரீல் வாங்கினேன். விலை 680 வெள்ளி. வீட்டில் 80 என்று சொன்னேன். முதல் எண்ணை மட்டும்தான் விட்டேன், மற்றதெல்லாம் உண்மை. எங்கள் வீட்டில் பெரிய திரைப் பலகைக் கணினி ஒன்றுதான், எல்லாருக்கும் பொது. தீபாவளிக்கு முந்தின வாரம் மனைவி அதைச் சமையல் மேடையில் நிறுத்தி வைத்து, தேங்காய்ப்பால் முறுக்குக்கு மாவு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி மாவு நாலு கோப்பை, அதற்குக் கீழே என் ரீல். அதே நிறம், அதே கைப்பிடி. ‘இதைப் பார்த்தீர்களே, இன்னும் யோசிக்கிறீர்களா? 680 வெள்ளி மட்டுமே!’ நான்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டேனே என்றால் அந்தப் பாவிக்குத் தெரியாது. பார்த்தது தெரியும், வாங்கியது தெரியாது. உளுத்தம் மாவு, சீரகம், மறுபடி ரீல்.

“என்னங்க” என்றாள். அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பது தமிழ்நாட்டு நாடகக்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

அன்று முறுக்கு பிழிந்தது நான். மூன்று கிலோ.

ரீலை இப்படிப் பின்னால் அனுப்பி வைத்தது, அன்றைக்கு விடியற்காலையில் நான் ஏற்றுக்கொண்டேனே, அந்தக் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொண்டுல்லி என்ற இளைஞர்தான் அதைக் கண்டுபிடித்தார். கடைக்கு வந்தவர் கூடையில் என்ன போட்டார் என்பதை இணையம் மறந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன உபகாரம். நல்ல எண்ணம்தான். என் கூடையைத் தூக்கிக்கொண்டு என் மனைவியிடம் போய்க் கொட்டுவார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அதே வருஷம் அக்டோபர் 27ஆம் தேதி ஹாட்வயர்டு என்ற தளத்தில் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. பார்த்தவர்களில் 44 விழுக்காட்டினர் தட்டினார்களாம். கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட அப்படிப் பாய மாட்டார்கள். இன்று நூறு பேரில் ஒருவர்கூடத் தட்டுவதில்லை. தட்டுகிற அந்த ஒருவரும் பெரும்பாலும் வெண்டைக்காய் விரல்காரராகத்தான் இருக்க வேண்டும்.

குதித்து வரும் ஜன்னல் இருக்கிறதே, அதைச் செய்தவர் ஈத்தன் ஸக்கர்மேன். டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்தபோது, ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் மானக்கேடான ஒரு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட, கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். விளம்பரத்தையும் பக்கத்தையும் பிரித்து வைப்பதற்காகத் தனி ஜன்னல் கட்டிக் கொடுத்தார். 2014இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நான் மன்னித்துவிட்டேன். என் கட்டைவிரல் இன்னும் முடிவு செய்யவில்லை.

விளம்பரம் குறுக்கே வந்து நிற்பது எனக்குப் புதிதா என்றால், இல்லை. நான் பிறந்தது பெராங் பெசார் தோட்டத்தில். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1921இல் திறந்த தோட்டம், அதனால்தான் ‘பெரும்போர்’ என்று மலாயில் பெயர். பி.பி. 86 என்று பேர்பெற்ற ரப்பர் இனத்தில் வரும் இரண்டு ‘பி’யும் அந்தத் தோட்டம்தான். இப்போது அந்த இடத்துக்குப் பெயர் புத்ராஜெயா. நான் கோலி ஆடிய மண்ணில் ஓர் அமைச்சு நிற்கிறது. நிதியமைச்சாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தோட்டத்து ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் டெங்கில்.

தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். வாயாங் பாச்சாக். அதிலும் மருந்துக்காரன் கொண்டுவரும் படத்துக்குக் காசு கிடையாது. லயத்து ஜனம் முழுக்கப் பாயும் சாக்குமாகப் போய் இடம் பிடிக்கும். எம்.ஜி.ஆர். வாளை உருவுவார், நம்பியார் பல்லைக் கடிப்பார், சரியாக அந்த இடத்தில் படம் நிற்கும், விளக்கு எரியும். மருந்துக்காரன் மேசை மேல் ஏறி ஒரு தைலப் புட்டியைத் தூக்கிப் பிடிப்பான். வாயு, வாதம், தலைவலி, தேள்கடி. ஒரு புட்டி ஒரு வெள்ளி. பாட்டி வாங்கிய தைலம் எங்கள் வீட்டில் மூட்டுக்கும் போனது, கதவுக் கீலுக்கும் போனது. கீல்தான் குணமானது.

ஆனால் அவன் ஜனங்களின் முகத்தைப் பார்ப்பான். கைக்குழந்தை அழுதால் பார்ப்பான். விடியக் காலையில் பால் வெட்டப் போக வேண்டிய ஆள் பாயைச் சுருட்டினால் பார்ப்பான். இரண்டு பாய் சுருண்டால் பேச்சை முடித்துக்கொண்டு, “போடுப்பா படத்தை” என்பான். கூட்டம் கலைந்தால் நாளைக்கு அவனுக்குச் சோறு இல்லை. அதனால் நம்பியாரைச் சாகடிக்காமல் ஒரு நாளும் அவன் போனதில்லை. ஏலத்தில் என்னை வாங்குகிறவனுக்கு என் முகம் தெரியாது. நான் பாயைச் சுருட்டினால் அடுத்த திடலில் அடுத்த கிழவன் ஒரு காசுக்கும் கீழே கிடைப்பான்.

படமாவது இலவசம். இங்கே பக்கத்தை இறக்குவதற்கு நான் அல்லவா காசு கட்டுகிறேன்! 2015இல் நியூயார்க் டைம்ஸ் ஐம்பது செய்தித் தளங்களைக் கைப்பேசியில் திறந்து சோதித்தபோது, இறங்கிய தரவில் பாதிக்கு மேல் விளம்பரமும் அதன் பரிவாரமும்தான் என்று கண்டார்கள். மருந்துக்காரன் லோரிக்கு நானே டீசல் போட்டுத் திடலுக்கு அழைத்து வருகிற மாதிரி.

இவ்வளவுக்கும் ஒரு பலன் உண்டு. மனிதக் கண் பழகிவிடுகிறது. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பென்வே, லேன் என்ற இருவர் 1998இலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். பக்கத்தின் உச்சியில் பட்டையடித்துப் பெரிதாக எழுதியிருப்பதைத்தான் வாசகர் பார்க்காமல் தாண்டுகிறார்; தேடி வந்த விஷயமே அதில் இருந்தாலும் பார்ப்பதில்லை. என் விஷயத்தில் இந்த நோய் கைப்பேசியை விட்டு வெளியே வந்துவிட்டது. போன ஜூலையில் ஒரு குட்டைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிம்மதியாகத் தூண்டில் போட்டேன். காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். என் தலைக்கு மேலேயே சிவப்பும் மஞ்சளுமாக, ஆள் உயரத்தில் ஒரு பலகை: மீன் பிடிக்கத் தடை. நாலுபக்கமும் சட்டம் போட்டு, வண்ணம் அடித்துப் பெரிய எழுத்தில் இருந்ததால் என் கண் அதை விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டது. இதைக் காவலாளிக்கு விளக்க முயன்றேன். அவர் என் அடையாள அட்டையைக் கேட்டார்.

கண் ஒதுக்கினாலும் கை ஒதுக்கவில்லை என்பதற்குத்தான் அந்தப் பதினொரு பார்சல். இரவில் தூக்கம் வராத நேரத்தில் படிப்பேன். எதைப் படிக்கிறேனோ அது அடுத்த வாரம் வாசலில் இருக்கும். நீருக்குள் இறக்கினால் மீன்கள் கூட்டமாக வரும் என்று ஒரு பச்சை விளக்கு. வந்தவை கொசுக்கள். மீனுக்குப் பசியைத் தூண்டும் சொட்டு மருந்து, அதன் மூடி காருக்குள் திறந்துகொண்டதால் மூன்று மாதம் நான் தனியாகப் பிரயாணம் செய்தேன். இடுப்பு வரை வரும் ரப்பர் காலணி. தண்ணீர் புகாத காலுறை, அதாவது உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகாத காலுறை. ஐந்து முறை மடிக்கக்கூடிய கட்டில் நாற்காலி, நான் உட்கார்ந்தபோது ஆறாவது முறையும் மடிந்தது. இந்தப் பொருள்களைச் சரியாக அடுக்கி, வெயிலில் காயவைத்து, துடைத்து வைப்பதற்கே ஞாயிற்றுக்கிழமை போய்விடுவதால் தூண்டில் போட நேரம் கிடைப்பதில்லை.

கடைசியில் மகள் இரக்கப்பட்டு ஒரு விளம்பரத் தடுப்பானைப் போட்டுக் கொடுத்தாள். இந்த வகையறாவில் பேர்பெற்ற ஒன்றுக்கு விதை 2002இல் டென்மார்க் மாணவர் ஒருவர் போட்டது. அதே தூண்டில் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று சுத்தமாக, கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி வந்தது. அப்போதுதான் ஒரு உண்மை தெரிந்தது. கட்டுரை மொத்தமே நாலு பத்தி. அதில் ஒரு பத்தி, விரால் ருசியானது என்று சொல்கிறது. இத்தனை நாள் விளம்பரத்தைத் தாண்டித் தாண்டிப் படித்ததில் அதை நான் ஒரு காவியம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் அந்தப் பக்கம் கெஞ்ச ஆரம்பித்தது. ‘நீங்கள் விளம்பரத்தைத் தடுத்திருப்பது தெரிகிறது. அதை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோம்.’ எனக்கு மனசு கேட்கவில்லை. தைலம் வாங்காமல் நம்பியார் சண்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்த குற்ற உணர்ச்சி. பொழுதுபோக்குப் பத்திரிகைகளின் நிலைமையும் நன்றாக இல்லை. 1884இல் தொடங்கிய அமெச்சூர் கார்டனிங் என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலை வார இதழ் 2023இல் நின்றுபோனது. 1895இல் தொடங்கிய ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம், அமெரிக்கத் தூண்டில்காரர்களின் வேதம், அச்சை விட்டுவிட்டு இணையத்தோடு கிடந்தது. 2024 ஜனவரியில் எரிக் சர்ச், மோர்கன் வாலன் என்ற இரண்டு பாடகர்கள் வாங்கி மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பாட்டுக் கச்சேரிக் காசில் மீன் பத்திரிகை நடக்க வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் மனைவியிடம் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் தமிழ் நேசன்கூட 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு முடிந்துபோனதே என்று குரல் கம்மினேன்.

“அதைக் கடைசியா நீங்க எப்ப காசு கொடுத்து வாங்கினீங்க?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். 680 வெள்ளிக்கு ரீல் வாங்குகிறவன், ஒரு தே தாரே, இரண்டு ரொட்டி சானாய் விலைக்குக் கிடைத்த தூண்டில் பத்திரிகையைப் பத்து வருஷத்துக்கு முன், ‘எல்லாம்தான் இணையத்தில் ஓசியில் வருகிறதே’ என்று நிறுத்தினேன். என்னைப் போன்ற கஞ்சர்கள் ஆயிரம் பேர் நிறுத்தியிருப்பார்கள். பத்திரிகைக்காரர் விற்க ஏட்டை இழந்ததும், கையில் மிச்சமிருந்த ஆயிரம் கஞ்சர்களை விற்கத் தொடங்கிவிட்டார். சில வெள்ளிக்கு. வேறு என்ன செய்வார்? சந்தா கட்டிவிடலாம் என்று பார்த்தேன். டாலரில் கேட்டார்கள். பக்கத்திலேயே தள்ளுபடியில் ஒரு தலைவிளக்கு இருந்தது. பன்னிரண்டாவது பார்சல் அதுதான், இந்த வருஷக் கணக்கு.

முடிச்சைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாக்சிக். என் போராட்டத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பல நாள் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். இரட்டையாக மடி, காதில் நுழை, தளர்வாக ஒரு முடிச்சு, முள்ளை வளையத்துக்குள் விடு, எச்சில் தொட்டு இழு. ஒரு சிகரெட் பாதி எரிவதற்குள் முடிந்துவிட்டது. எழுந்து போகும்போது, தன் வீட்டம்மா கெரோப்போக் பொரித்து விற்பதாகச் சொன்னார். இரண்டு பொட்டலம் வாங்கினேன். மறுநாள் விடியற்காலையில் பொம்மைத் தவளையோடு போனேன். முடிச்சு அவிழவில்லை. தவளை ஆகாயத் தாமரைக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. தங்கூசிதான் அறுந்தது, முடிச்சு அப்படியே இருந்தது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் காலணி, பத்தாம் அளவு, ஒருமுறைகூட ஆற்றில் இறங்காதது. மடிக்கும் நாற்காலி, மெலிந்த தேகம் உள்ளவர்களுக்கு ஏற்றது. காலுறை, சொட்டு மருந்து, தலைவிளக்கு, ஆறு பொம்மைத் தவளைகள். எல்லாம் பாதி விலை. டெங்கில் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்தே பார்க்கலாம், விலையை என் மனைவிதான் சொல்வாள். ரீல் விற்பனைக்கு இல்லை என்று நான் சொல்கிறேன், அவள் வேறு மாதிரி சொல்லக்கூடும். பச்சை விளக்கு மட்டும் போய்விட்டது. பாக்சிக் வாங்கிப் போய்ப் பாசார் மாலாமில் கெரோப்போக் கடைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார். கூட்டம் நன்றாக வருகிறதாம்.